நூலகத்தின் பெயரை போனில் அளக்கலாமா?

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம்மூர் நூலகத்துக்கு உதவ முன்வந்த தம்பிமார் சிலர் போன கிழமை ஒரு யோசனை சொன்னார்கள். மக்கள் நூலகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஊடகக் கண்காணிப்புக் கருவிகளால் பார்ப்போம், அந்தக் கணக்கைக் காட்டி அடுத்த வருடத் தேவைகளைக் கேட்போம் என்று. நல்ல எண்ணம்தான். அன்றிரவே கூகுள் அலேர்ட்ஸில் "மன்னார் நூலகம்" என்று பதிந்து வைத்தேன். காசு தேவையில்லை. அந்தச் சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சல் வரும்.

வந்தது எல்லாம் விழாச் செய்தி. அதிதி, மாலை, பரிசளிப்பு. ஒரு பிள்ளை புத்தகம் எடுத்த கதை ஒன்றுகூட இல்லை.

இதற்குத் தமிழும் ஒரு காரணம். வேற்றுமை உருபு ஏறினால் அத்துச் சாரியை வரும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோமே, அதேதான். "நூலகம்" என்று தேடினால் "நூலகத்தில்", "நூலகத்துக்கு" எல்லாம் தப்பிப் போகலாம். நம் சனமோ வாசிகசாலை என்பார்கள், லைப்ரரி என்பார்கள். மனக்குறையைக் கொட்டுவது வாட்ஸ்அப் குழுவில். அதற்குள் எந்தக் கருவியும் நுழையாது. முகநூலில் பொதுப் பதிவுகளைப் பார்க்க உதவிய கிரவுட்டாங்கிளையும் மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது.

அகப்படுகிற பேச்சையும் எப்படி எண்ணுவது? யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பாருங்கள். 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒவ்வொரு ஜூன் முதலாம் திகதியும் உலகத் தமிழர் எல்லோரும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் கருவியின் வரைபில் அன்று ஏறும் கோட்டைப் பார்த்து, இன்று அங்கே படிக்க வருகிற பிள்ளைக்குக் கதிரை போதுமா என்று சொல்ல முடியுமா?

நமக்கும் அதே நிலைமைதான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேர் பிடித்த நம்மவர்கள் ஊரைப் பற்றி ஆசையோடு எழுதுகிறார்கள். கருவி அதை "நல்ல அபிப்பிராயம்" என்று எண்ணும். அது அன்றைய மன்னாரின் ஏக்கம். இன்றைய நூலகத்துக்குக் கொடுத்த புள்ளி அல்ல.

அதனால் என் வகுப்பில் ஒரு தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன்: நூலகத்துக்கு ஏன் போவதில்லை? டியூசன் முடிந்து வரும்போது பூட்டியிருக்கும் என்று பலர். பெண் பிள்ளைகளுக்குப் புறம்பான மேசை இல்லை, உம்மா விடமாட்டார் என்று சிலர். உள்ள விஞ்ஞானப் புத்தகங்கள் பழைய பாடத்திட்டம் என்று ஒருவர். ஒரு தாளில் இரண்டே சொல்: "ஏசுவார்கள், பயம்."

இந்தப் பிள்ளைகள் எதையும் இணையத்தில் எழுதவில்லை. வராமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பிமாரே. கூகுள் மேப்பில் திறக்கும் நேரம் பிழையாக இருந்தால் திருத்துங்கள், அங்கே யாராவது முறைப்பாடு எழுதியிருந்தால் பதில் போடுங்கள். அதற்கு அது போதும். ஆனால் லைக் கணக்கை மட்டும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் அடுத்த வருடமும் மேடையும் பனருமே கிடைக்கும்.

அந்தத் தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். அதற்குள் நீங்களும் வீட்டில் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.