மிக்சிக்கு உண்டு வாரண்டி! மண்வெட்டிக்கு மட்டும் கிடையாதா?

திருச்சுழி:
மிக்சி வாங்கினால் ஓர் அட்டை தருகிறார்கள். மின்விசிறி வாங்கினால் ஓர் அட்டை. செல்போனுக்கு ஓர் அட்டை. "ஒரு வருஷம் வாரண்டி. ரிப்பேர் என்றால் கொண்டு வாருங்கள்" என்று கடைக்காரரே சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புகிறார்.

மண்வெட்டி வாங்கினால்? கடப்பாரை வாங்கினால்? கோடாலி வாங்கினால்?

அட்டையும் கிடையாது. பில்லும் கிடையாது. கடை வாசலைத் தாண்டி விட்டால் பேச்சும் கிடையாது!

மிக்சி ஓடாவிட்டால் அம்மியில் அரைக்கலாம். மண்வெட்டி உடைந்தால் கூலி ஆளுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. எது உடைந்தால் அடுப்பு எரியாதோ, அதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. இது என்ன நியாயம்?

கடை வாசலில் நடக்கும் காட்சி

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாளை விட மணல் தெரியும் நாளே அதிகம். மழை பெய்தால் விவசாயம். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல் வெட்டு, கரி மூட்டம், கண்மாய் வேலை, கட்டட வேலை. எந்த வேலைக்குப் போனாலும் தோளில் ஒரு கருவி இருந்தாக வேண்டும். அதுவும் சொந்தக் காசில் வாங்கிய கருவி.

கொத்தனாருக்குக் கரண்டி, கரி வெட்டுகிறவருக்குக் கோடாலி, களை எடுக்கும் அம்மாவுக்குக் களைவெட்டி, டூவீலர் மெக்கானிக்குக்கு ஸ்பானர். இதுதான் அவர்கள் முதல். வேறு சொத்து கிடையாது.

வாங்கி நாலு நாளில் கணை மாட்டும் வளையத்தில் கீறல் விடுகிறது. அல்லது கோடாலி வாய் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. அல்லது ஸ்பானரின் வாய் அகன்று போய் நட்டைப் பிடிக்காமல் வழுக்குகிறது. தூக்கிக் கொண்டு கடைக்குப் போகிறார். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, போன வாரம் வாங்குனது. இந்தா பாருங்க, பிளந்துருச்சு."

"நீ கல்லுல போட்டு வெட்டியிருப்பப்பா."

"கண்மாய்க் கரம்பைதான் அண்ணாச்சி வெட்டுனேன். கல்லே இல்லை."

"பில்லு இருக்கா?"

"நீங்க குடுக்கலையே!"

"அப்ப நான் என்ன செய்ய? கம்பெனிக்காரன் எங்கிட்ட வாங்கிக்கிற மாட்டான். வேணும்னா புதுசு எடுத்துக்க, பத்து ரூபா குறைச்சுப் போடுறேன்."

வேறு வழி? அடுத்த மண்வெட்டிக்கும் அவரே காசு கொடுக்கிறார். மண்வெட்டி விலையும் போச்சு, கடைக்கு அலைந்த அரை நாள் கூலியும் போச்சு.

உடைவது இரும்பு மட்டுமா?

சிலர் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். சின்ன விஷயம் அல்ல. ஓங்கி வீசும்போது கணையை விட்டுக் கழன்ற கோடாலி எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? எதிரே நிற்பவர் தலையிலும் விழலாம், வெட்டுகிறவர் காலிலும் விழலாம். சுத்தியல் முகத்திலிருந்து தெறிக்கும் ஒரு சில்லு கண்ணைக் குத்தினால் அந்தக் கண்ணை எந்த வாரண்டி மாற்றித் தரும்?

இரும்பைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் துவைச்சல் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. துவைச்சல் கூடினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். குறைந்தால் ஈயம் மாதிரி மடங்கும். இந்தத் தவறு பட்டறையிலோ பாக்டரியிலோ நடந்தது. அதற்கு வெட்டியவர் எப்படிப் பொறுப்பாவார்?

பட்டறைக்காரர் கொடுத்த உத்தரவாதம்

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. முனை மழுங்கினால் ஆசாரியிடம் போவார்கள். காய்ச்சித் தட்டிக் கொடுப்பார். அதற்கு அன்றாடம் காசு கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்திலேயே தானியம் அளந்து விடுவார்கள். வருஷம் முழுக்கப் பழுது பார்க்க ஒரே கூலி! இன்று டவுனில் பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஆயிரக் கணக்கில் வாங்குகிறார்களே, அதே ஏற்பாடுதான். பெயர் மட்டும்தான் புதுசு.

அந்த உத்தரவாதத்துக்கு அட்டை இல்லை, முகம் இருந்தது. செய்தவர் அடுத்த தெருவில் இருந்தார். மோசமான அரிவாளைக் கொடுத்து விட்டு ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பக்கத்து ஜில்லாவில் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்ததும் செய்த கையை நம்பித்தான்.

இன்று வாங்குகிற மண்வெட்டியை யார் செய்தது, எந்த ஊரில் செய்தது? பல சாமான்களில் முத்திரையே கிடையாது. தகட்டை அழுத்தி எடுத்த மெல்லிசு மண்வெட்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனாலும் தட்ட இரும்பு இருக்காது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது தேயத் தேய உழைக்கும். இது தேய்வதற்கு முன்பே கிழியும்!

அமெரிக்காவில் முடிந்தது

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை 1927-ல் கிராப்ட்ஸ்மேன் என்ற பெயரில் கருவிகளை விற்கத் தொடங்கியது. அதன் கைக்கருவிகளுக்கு ஆயுள் உத்தரவாதம் பின்னாளில் பேர் போனது. உடைந்த ஸ்பானரைக் கடையில் கொண்டு போய்க் கொடுத்தால் பில் கூடக் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அப்பன் வாங்கியதை மகன் கொண்டு போய் மாற்றினான். 2017-ல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி வாங்கியது. 2018-ல் சியர்ஸ் கடையே திவால் மனு கொடுத்தது. ஆனால் அந்த மாற்றிக் கொடுத்த பழக்கத்தை அமெரிக்க மெக்கானிக்குகள் இன்னும் பேசுகிறார்கள்.

கடை ஒன்றும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரு ஸ்பானரை மாற்ற வந்தவன் இன்னும் நாலு சாமான் வாங்கிக் கொண்டு போனான். நம்பிக்கைதான் அங்கே வியாபாரம். இது நம் ஊர் அண்ணாச்சிகளுக்குத் தெரியாத கணக்கா?

சட்டம் என்ன சொல்கிறது?

"அட்டை இல்லை, அதனால் உரிமை இல்லை" என்பது தவறு. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே இதைச் சொல்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரை நம்பி ஒரு சாமானை வாங்கினால் அது அந்த வேலைக்கு லாயக்காக இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டாலும் அந்த நிபந்தனை உண்டு.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதில் வந்த 2019-ம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. அதில் கூலித் தொழிலாளி தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள் நாலு இருக்கின்றன.

ஒன்று: பில் கொடுக்காததே நியாயமற்ற வியாபாரம்.

இரண்டு: பழுதுள்ள சாமானைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வியாபாரம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். போடாவிட்டால் 30 நாளுக்குள்.

மூன்று: வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று ஒரு விதி உண்டு. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோர்தான். ஆகவே "நீ தொழிலுக்கு வாங்கினாய், உனக்குச் சட்டம் இல்லை" என்று மெக்கானிக்கையோ கொத்தனாரையோ விரட்ட முடியாது.

நாலு: புகார் கொடுக்க இரண்டு வருஷம் வரை அவகாசம். வாங்கின ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சாமானுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.

"பில் போட்டா வரி ஏறுமே" என்று சில கடைகளில் பயம் காட்டுவார்கள். மண்வெட்டி, களைவெட்டி, கோடாலி, அரிவாள் போன்ற விவசாயக் கைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! இல்லாத வரியைக் காட்டி இருக்கிற உரிமையைப் பறிக்கலாமா?

கிழக்கே திருச்சுழி, மேற்கே கோர்ட்

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது? விருதுநகர் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையம் நடப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். திருச்சுழி கிழக்குப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குப் பக்கம். அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். சில நூறு ரூபாய் மண்வெட்டிக்காக எந்தக் கூலி ஆள் கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவார்? சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதுவரை அவர் எதை வைத்து வெட்டுவார்?

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் தமிழிலேயே புகார் வாங்கிக் கொள்கிறது. காசு கிடையாது. இந்த எண்ணைத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போட என்ன தடை?

நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தபோது வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் நம் பக்கம் மண்வெட்டி அவரவர் வீட்டிலிருந்துதான் வந்தது. திட்டத்தின் பெயர் மாறலாம், நாள் கணக்கு மாறலாம். கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் மாறவே இல்லை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

எல்லாப் பழியையும் சில்லறைக் கடைக்காரர் மேல் போடுவதும் சரியல்ல. மழுங்கிய கோடாலியையும், ரெண்டு வருஷம் உழைத்துத் தேய்ந்த மண்வெட்டியையும் கொண்டு வந்து "மாத்திக் கொடு" என்றால் அவர் எங்கே போவார்? தேய்வு வேறு, பழுது வேறு. உழைத்துத் தேய்ந்தால் அது வாங்கியவர் கணக்கு. வாங்கிய புதிதில் பிளந்தால் அது செய்தவர் கணக்கு. மண்வெட்டியைக் கடப்பாரையாக நினைத்து நெம்பி உடைத்தால் அதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. எந்த நாட்டு வாரண்டியிலும் இந்த வித்தியாசம் உண்டு.

உடைந்ததை மாற்றிக் கொடுத்தால் மொத்த வியாபாரி தன்னிடம் திரும்ப எடுப்பாரா என்பதுதான் சில்லறைக் கடைக்காரரின் கவலை. நியாயமான கவலைதான். அதற்கு வழி வாடிக்கையாளரை விரட்டுவதல்ல. மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போதே "உடைந்தது திரும்பும்" என்று பேசி எடுக்க வேண்டும். புதிய சட்டத்தில் பழுதான சாமானால் காயம் பட்டால் செய்த கம்பெனியையும் நஷ்ட ஈட்டுக்கு இழுக்கலாம். முத்திரை இல்லாத சரக்கு என்றால் கம்பெனி தப்பித்து விடும், மாட்டுவது கடைக்காரர்தான்! ஆகவே முத்திரை உள்ள சரக்கை வாங்கி வைப்பது அவருக்கே பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

மண்வெட்டி, கடப்பாரை, மரக் கணை எல்லாவற்றுக்கும் இந்தியத் தர நிர்ணயம் எழுதி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்தால் போதாது. கடைப் பலகைக்கு வர வேண்டும்.

வாங்குகிறவர்: தட்டிப் பார்த்து வாங்குங்கள். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். துண்டுச் சீட்டானாலும் தேதி போட்டுக் கேளுங்கள். இது சண்டை அல்ல, உரிமை. உடைந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் சாட்சி.

விற்கிறவர்: "30 நாளுக்குள் பிளந்தால் மாற்றித் தரப்படும்" என்று ஒரு பலகை எழுதி மாட்டிப் பாருங்கள். பக்கத்துக் கடைக் கூட்டம் உங்கள் கடைக்கு வரும்.

அதிகாரிகள்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மாதம் ஒரு நாளாவது திருச்சுழி தாலுகா ஆபீசில் நுகர்வோர் புகார் முகாம் நடத்துங்கள். முதல் முகாமில் உடைந்த மண்வெட்டிகள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஏ.சி.க்கு ஒரு நியாயம், மண்வெட்டிக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. விடிந்தும் விடியாமல் தோளில் கருவியோடு கண்மாய்க்குப் போகிறவர் யாரிடமும் இனாம் கேட்கவில்லை. கொடுத்த காசுக்கு உழைக்கிற இரும்பைத்தான் கேட்கிறார்.

அதைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?