பார் எடுக்கிறவர் முதலில் கணக்குப் போடட்டும்!

மளிகைக் கடை சரியாக ஓடவில்லை. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்தால் இன்னும் கொஞ்சம் புரளும். "பேசாம ஒரு பார் எடுத்துடுங்கண்ணே, காசு கொட்டும்" என்று பக்கத்தில் இருப்பவர் தூபம் போடுகிறார். சின்ன ஊர்களில் பலர் பார் முதலாளி ஆவது இப்படித்தான்.

காசு கொட்டுவது உண்மை. யார் பெட்டியில் கொட்டுகிறது என்பதுதான் கேள்வி!

தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் மது சில்லரை விற்பனை அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது. பாட்டில் விற்கிற லாபம் கடைக்கு. கடையை ஒட்டி பார் நடத்துகிறவருக்குச் சரக்கு விற்க உரிமை கிடையாது. தின்பண்டம் விற்கலாம். காலி பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். இதற்குத்தான் டெண்டர், இதற்குத்தான் இத்தனை போட்டி!

500 பேர் எங்கே?

மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டுவதாக ஒருவர் டெண்டர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 5 ஆயிரம். வருகிறவர் சுண்டல், ஆம்லெட், தண்ணீர் வாங்கியதில் தலைக்கு 10 ரூபாய் நிற்கிறது என்றால், கட்டணத்துக்கு மட்டும் தினம் 500 பேர் வரவேண்டும். இட வாடகை, கரண்டு பில், சப்ளையர் சம்பளம் எல்லாம் அதற்கு மேலே!

காலி பாட்டில் கை கொடுக்கும் என்று நினைத்தால் அதிலும் மண். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. குடித்தவரே பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

200 பேர் வருகிற ஊரில், 500 பேருக்கான தொகையை எழுதியவர் மிச்சத்தை எங்கே பிடிப்பார்?

பின்வாசல்

அங்கேதான் பிடிக்கிறார். 2016 மே மாதம் கடை திறக்கும் நேரம் பகல் 12 மணி என்று மாற்றப்பட்டது. கை நடுங்குகிறவருக்கு 12 மணி வரை பொறுமை ஏது? முதல் நாளே வாங்கிப் பதுக்கிய குவார்ட்டர், விடிகாலையில் கூடுதல் விலைக்குப் பின்வாசல் வழியாக வெளியே வருகிறது.

2023 மே மாதம் தஞ்சாவூரில், கடை திறக்கும் முன்பே பாரில் கிடைத்த மதுவைக் குடித்த இரண்டு பேர் செத்தார்கள். சயனைடு கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் பாரில் சரக்கு எப்படிக் கிடைத்தது? அதிலே எவன் எதைக் கலந்தாலும் கேட்க ஆள் இல்லை. பழி பார் எடுத்தவர் தலையில்!

டெண்டர் பெட்டியைத் திறக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதிகத் தொகை எழுதியவர் யார் என்று பார்த்தால் போதாது. அந்தத் தொகை சுண்டல் விற்று வருமா என்றும் பார்க்க வேண்டும். வராது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால், பின்வாசலுக்குச் சாவி கொடுத்தது போலத்தான்.

நேர்மையாக நடத்த முடியாதா?

முடியும். சமையல்காரர் கைப்பக்குவம்தான் முதலீடு. ஈரல் வறுவல் ருசியாக இருந்தால் இரண்டாவது பிளேட் தானாகப் போகும். நேற்றைய எண்ணெயை இன்று காய்ச்சினால் வந்தவர் நாளை வரமாட்டார். 2019 ஜனவரி முதல், ஒரு முறை குடித்து எறியும் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை. கண்ணாடி டம்ளர் வாங்கி, கழுவ ஒரு ஆளும் தண்ணீரும் ஏற்பாடு செய்வதே நல்லது.

கழிவறை இல்லாத பார் ஊருக்கே பகை. பக்கத்துச் சுவர் நாறினால் எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள்தான் சும்மா இருப்பார்களா? நாளைக்கே மறியல்!

21 வயது ஆகாத பையன் வந்தால் "போப்பா தம்பி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். தள்ளாடுகிறவர் பைக்கை எடுக்கப் போனால் சாவியை வாங்கி வைத்து ஆட்டோ பிடித்துக் கொடுக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தப்படி குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லையேல் ஜெயில், அல்லது இரண்டும். அவர் வீடு போய்ச் சேர்ந்தால்தானே மறுநாள் வியாபாரம்?

டெண்டர் எழுதும் முன் ஒரு வாரம் அந்தக் கடை வாசலில் நின்று தலையை எண்ணிப் பார்க்கட்டும். கணக்குத் தேறினால் எழுதட்டும். தேறாவிட்டால் டீக்கடை போடட்டும். டீக்கடைக்குப் பின்வாசல் தேவையில்லை!