கண்வலி விதை விலை: கணக்கில் வராத காலைக் கூலி

கண்வலி விதைக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் நெடுநாளாக இருக்கிறது. உடுமலைப் பக்கம் அதிகம் விளையும் மக்காச்சோளத்துக்காவது குறைந்தபட்ச ஆதரவு விலை என்று ஒன்று உண்டு. கண்வலிக்கு அதுவும் இல்லை. வாங்குவோர் சிலரே என்பதால் அவர்கள் சொல்வதே விலை. விலைப் பேச்சில் கிழங்கு, கம்பி, பந்தல் செலவெல்லாம் வந்துவிடும். பூ வந்தபின் ஆகும் கூலி மட்டும் ஓரத்தில் நிற்கும். என் பார்வையில் முதலில் பேச வேண்டியதே அதைத்தான்.

நம் மாநில மலரான செங்காந்தள்தான் கண்வலி. பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்து பக்கவாட்டில் நீண்டுவிடும். அதனால் பூவின் சொந்த மகரந்தம் சூல்முடியில் தானாக விழுவது அரிது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வேறு பூவிலிருந்து கொண்டுவர வேண்டும். வேலியில் படரும் நாலு கொடிக்கு அவை போதும். ஏக்கர் கணக்கில் பூக்கும் தோட்டத்துக்குப் போதாது. அதிலும் புழுவுக்கு மருந்தடித்த வயலில் அவற்றை எங்கே தேடுவது?

எனவே மனிதக் கைதான் பூச்சியின் வேலையைச் செய்கிறது. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், வேறு செடியில் பறித்த மகரந்தப்பையைச் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். கொடியில் பூக்கள் கீழிருந்து மேலாக அடுத்தடுத்து விரிவதால் இது ஒருநாள் வேலையல்ல, வாரக்கணக்கில் நீளும். ஆடியில் நட்டால் பூப்பருவம் வடகிழக்கு மழையோடு மோதும். மழை பெய்த காலையில் வேலை நடக்காது.

ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இதே செடியைக் கூரையடியில் அலங்கார லில்லியாக வளர்த்து, பூவைக் கொய்து விற்கிறார்கள். விதை வேண்டாதவர்களுக்கு இந்தக் கூலியும் இல்லை. நமக்கோ கொய்த ஒவ்வொரு பூவும் ஒரு காய் நட்டம். மூட்டுவலி மருந்தான கோல்சிசின் எடுப்பது விதையிலிருந்துதானே!

ஒரு கணக்குக்கு, ஏக்கருக்கு 4 பேர், 40 காலை, ஆளுக்கு ரூ.300 என்று வைத்துக்கொள்வோம். கூலி ரூ.48,000. 80 கிலோ விதை கிடைத்தால் கிலோவுக்கு ரூ.600 இதற்கே போகும். மழையில் விளைச்சல் பாதியானால் அதுவே ரூ.1,200. வீட்டு ஆட்களே செய்தாலும் அது கூலிதான்.

விலை கேட்டு மனு எழுதுவோர் இந்தச் செலவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். அதற்குப் பூப்பருவத்தில் தினசரி ஆள் கணக்கை நோட்டில் குறித்து வையுங்கள். தோட்டக்கலை அலுவலர்களும் சாகுபடிச் செலவு எடுக்கும்போது இதைக் கேட்டு எழுதலாம். பூ இருக்கும்போது தவிர்க்க முடியாத மருந்தை மாலையில் அடித்தால், காலையில் வரும் பூச்சிகள் ஓரளவாவது தப்பும். செடி முழுதும் நஞ்சு என்பதால், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொல்லுங்கள்.