பழைய மஸ்கெலியா

மழை ஓய்ந்த மாதங்களில் சிவனொளிபாத மலைக்கு நோர்வூட் வழியாகச் செல்லும் யாத்திரிகர்கள், மவுசாகலை நீர்த்தேக்கத்தின் சேற்றுத் திடலில் தலைகாட்டும் சிதிலங்களைக் கண்டு, அவை யாவை என்று வினவுவதுண்டு. அவைதாம் பழைய மஸ்கெலியா. மஸ்கெலி ஓயாவை மறித்து எழுப்பிய அணை 1969 ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது, கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒருங்கே நீரில் அமிழ்ந்தன. ஊரோ மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்து, அதே நாமத்தைத் தரித்துக்கொண்டது.

மோரே, கிளென்டில்ட், ஸ்ட்ராத்ஸ்பே என ஸ்கொட்லாந்தின் பெயர்களைத் துரைமார் சூட்டிய தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருந்த அச்சிறு கடைவீதி, சம்பளம் வாங்கி லயங்களிலிருந்து இறங்கிவந்த ஜனங்களுக்கு வெறும் அரிசியும் துணியும் விற்ற இடம் மாத்திரமன்று. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தின் அதட்டல் எட்டாத தூரத்தில், கங்காணியின் கண்ணுக்கு அஞ்சாமல், நாலு பேர் நின்று சுகதுக்கம் பேசுவதற்கு வாய்த்த ஸ்தலமுமாகும்.

நீர் வற்றிய காலத்தில் அருகே சென்று பார்த்தால், வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கும் வண்டல், அதன்மேல் உலர்ந்து படிந்த பாசி, காரை முற்றாய்க் கரைந்து கல்லும் செங்கல்லும் வெளிப்பட்ட சுவர்கள். ஆண்டுதோறும் நீருள் மூழ்கி மூழ்கி எழும் சுவர் எத்தனை காலம் தாங்கும்?

இதே விதி வேல்ஸ் நாட்டுக் கிராமமொன்றுக்கும் நேர்ந்தது. லிவர்பூல் நகருக்குக் குடிநீர் தேக்கும்பொருட்டு, கேப்பல் கெலின் எனும் சிற்றூர், தன் தேவாலயத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் தபால் நிலையத்தோடும் 1965 இல் நீரில் மறைந்தது. அதற்கான சட்டம் 1957 இல் நிறைவேறியபோது, வேல்ஸின் பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 2005 இல் லிவர்பூல் நகர சபை மன்னிப்புக் கோரிற்று. அவ்வூரார் தோற்றார்களாயினும், அவர்கள் சார்பில் மறுத்துரைக்க அவர்களே தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள் இருந்தனர். இந்திய வம்சாவளியினரான நம் தோட்ட மக்களுக்கு அதுவும் இல்லை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி மஸ்கெலியா. அடுத்த ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், அதன்பின் தொடர்ந்த தேர்தல் திருத்தமும், அவருக்கு வாக்களித்த தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரைத் தேர்தல் இடாப்பிலிருந்தே அகற்றின. அணை எழுந்த வருஷங்களிலோ, 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்ற கணக்கு நடந்துகொண்டிருந்தது. தாமே இந்நாட்டில் தங்குவோமோ மாட்டோமோ என்று அறியாத மக்கள், மூழ்கும் கடைவீதிக்காக எவரிடம் முறையிடுவர்? அணை தந்த மின்சாரம் நாட்டின் நகரங்களை ஒளிர்வித்த பின்னும், அணையைச் சூழ்ந்த லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் பொறுக்கவில்லை.

மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நான் வேண்டுவது ஒரு வரைபடம். அக்கடைவீதியில் நடந்து திரிந்த சிறுவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்த முதியோர். எந்தக் கடை எங்கிருந்தது, திருவிழாவில் தேர் எவ்வழியே சென்றது, ஓயாவைக் கடக்கும் துறை எது என்று அவர்களால் சொல்ல இயலும். மஸ்கெலியாப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், வரும் வரட்சிக் காலத்தில் மாணவரையும் இம்முதியோரையும் கரைக்கு அழைத்துச் சென்று, வண்டல்மேல் நின்றே அதனை வரையத் தொடங்கலாம்.