கெட்டில்பெல் வீட்டுக்குள் வரட்டும்



அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நம் ஊர் ஜிம்களின் வாசலைக் கவனித்தாலே போதும், உடற்பயிற்சி என்பது இன்று யாருக்கு உரியதாகிவிட்டது என்பது விளங்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குட்பட்ட ஆண்கள். அவர்கள் அங்கே செல்வதில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. தெருமுனையில் கைப்பேசியைப் பார்த்தபடி பொழுதைக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேலானது. ஆனால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் நாற்பத்தைந்து வயதுத் தாய்மார்களை அங்கே காண இயலாது. சுப்ஹு முதல் இஷா வரை சம்மணமிட்டு அமர்ந்து ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளையும் காண இயலாது. கடையில் கல்லாவை விட்டு எழாத பெரியவர்களும் அங்கே இல்லை. உடலை அசைத்தே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்கள் அனைவரும் அந்த வாசலுக்கு வெளியில்தான் இருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதை வாசிக்கும் எவரும் தம் வீட்டிலேயே அந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்தவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று கூறியிருக்கிறது. முதல் பாதி நம் மக்களுக்குத் தெரியும். மருத்துவர் ‘நடங்கள்’ என்று சொல்லியனுப்புகிறார். இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எங்கே போய் எதைத் தூக்குவார்?

இந்த இடத்தில்தான் கெட்டில்பெல் என்னும் இரும்புக் குண்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பீரங்கிக் குண்டுக்குக் கைப்பிடி வைத்தாற்போன்ற அந்தப் பொருளைப் பலரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஜிம்முக்கென்று பிறந்த பொருளன்று. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் அது. அவர்கள் மொழியில் ‘கீர்யா’ என்பர். நம் மளிகைக் கடைகளில் இருந்த படிக்கல்லுக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடையும் ‘பூட்’ என்னும் பழைய ரஷ்ய அளவைக் கொண்டே அமைந்தது. ஒரு பூட் என்பது 16.38 கிலோ. சோவியத் அரசு 1924-இல் அந்த அளவையை நீக்கிவிட்டது. ஆயினும் இன்றும் உலகெங்கும் விற்கப்படும் கெட்டில்பெல்கள் 16, 24, 32 கிலோ என்றே வரிசைப்படுகின்றன. அதாவது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். அளவை மறைந்துவிட்டது, அதன் கல் மட்டும் நிலைத்துவிட்டது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நமக்கு, இந்தப் பொருளின் மீது தனியொரு பிரியம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் உழவர்களும் தங்கள் வலிமையைச் சோதித்துப் பார்க்கத் தூக்கிய இக்கல்லை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி தாம் 1885-இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகத்தில் முறையான பயிற்சிக் கருவியாக்கினார். புகழ்பெற்ற மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் அவரிடம் பயின்றவரே. பின்னர் சோவியத் காலத்தில் இது போட்டி விளையாட்டாக வளர்ந்தது. 1985-இல் லிபெட்ஸ்க் நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அந்த விளையாட்டின் விதி ஒன்று நம்மை மிகவும் கவர்ந்தது. பத்து நிமிடங்களுக்குள் எத்தனை முறை தூக்குகிறார் என்பதே போட்டி. இடையில் குண்டைத் தரையில் வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. தலைக்கு மேலே உயர்த்திய குண்டு ஒரு கணம் அசையாது நிற்கவேண்டும். நிற்காவிட்டால் நடுவர் அந்தத் தூக்கலைக் கணக்கில் சேர்க்கமாட்டார். எவ்வளவு பெரிய எடையைத் தூக்கினோம் என்ற வீம்பைவிட, நடுத்தர எடையை எவ்வளவு நேரம் ஒழுங்காகத் தாங்கினோம் என்பதே அங்கே மதிக்கப்படுகிறது.

அமெரிக்காவுக்குச் சென்றபின் இதன் கதை வேறாகிவிட்டது. பெலாரஸில் பிறந்த பாவெல் சாட்சூலின் என்ற பயிற்றுநர், 1990-களின் இறுதியிலிருந்து இதை அங்கே பரப்பினார். 2001-இல் நூலும் வந்தது, குண்டுகளின் விற்பனையும் தொடங்கியது, பயிற்றுநர் சான்றிதழும் உருவானது. அவர் கற்பித்த முறை கண்டிப்பானது, அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த கூட்டம் பெரிது. வண்ண வண்ணக் குண்டுகள் வந்தன. குரங்கு முகம் வார்த்த குண்டுகளும் வந்தன. இரண்டு நாள் வகுப்பில் ‘மாஸ்டர்’ ஆனவர்கள் வந்தார்கள். சந்தையில் நிறுக்கப் பயன்பட்ட பொருள், காட்சிக்கு வைக்கப்படும் பொருளாயிற்று.

அளவை என்று சொன்னோமல்லவா, அதையொட்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கெட்டில்பெல் நிமிடத்திற்கு 20 கலோரி எரிக்கும்’ என்ற விளம்பர வாசகம் இணையமெங்கும் திரிகிறது. இது பொய்யன்று, 2010-இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வில் வந்த எண்தான். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பத்துப் பேர். அனைவரும் ஏற்கெனவே கெட்டில்பெல்லில் நல்ல பழக்கமுள்ளவர்கள். செய்தது ‘ஸ்னாட்ச்’ என்னும் கடினமான பயிற்சி. குண்டைக் கால்களுக்கிடையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுசெல்வது. அதில் கிடைத்த எண்ணை, நேற்று முதன்முறையாகக் குண்டைத் தொட்டவருக்குக் காட்டி விற்பது, நல்ல தராசில் தவறான கல்லை வைப்பதற்கு ஒப்பாகும். வியாபாரிகளாகிய நம் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

நமக்குப் பொருந்தும் ஆய்வு வேறொன்று இருக்கிறது. அது அவ்வளவாக விளம்பரப்படவில்லை. டென்மார்க் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. ஆய்வக ஊழியர்கள் போன்ற, தசைவலியும் மூட்டுவலியும் மிகுதியாகக் காணப்படும் பணிகளில் இருந்த 40 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 44, பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒரு பிரிவினர் வாரத்திற்கு மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிடங்கள் வீதம் எட்டு வாரங்கள் கெட்டில்பெல் பயிற்சி செய்தார்கள். கழுத்து, தோள், இடுப்பு வலிகள் அவர்களிடம் குறைந்தன. முதுகின் வலிமை கூடியது. மூச்சுத்திறன் கூடும் என்று எதிர்பார்த்ததோ நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே, கெட்டில்பெல் வந்துவிட்டது என்று நடைப்பயிற்சியை யாரும் கைவிடவேண்டாம். ஆனால் நாற்பத்து நான்கு வயதுப் பெண், வாரத்தில் ஒரு மணி நேரம், வலி குறைந்த முதுகு – இது நம் வீட்டுக்குத் தேவையானதல்லாமல் வேறென்ன?

இதன் அடிப்படைப் பயிற்சி ‘ஸ்விங்’. பெரும்பாலோர் இதைக் கையால் தூக்குவதாக நினைத்துத் தோளை வருத்திக்கொள்கிறார்கள். இல்லையேல் உட்கார்ந்து எழுகிறார்கள். இரண்டும் பிழை. முழங்கால்களைச் சிறிதே தளர்த்தி, முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து மடங்கவேண்டும். குண்டு தொடைகளுக்கிடையே பின்னோக்கிச் செல்லும். பிறகு இடுப்பை விரைந்து நிமிர்த்தும்போது அந்த விசையிலேயே குண்டு நெஞ்சளவுக்கு மிதந்து எழும். கைகள் வெறும் கயிறுகள்தாம். வலிமை முழுவதும் பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் இருந்து வருகிறது. நாளெல்லாம் அமர்ந்திருப்பவர்களுக்கு உறங்கிப்போயிருக்கும் தசைகள் அவையே.

இடுப்பிலிருந்து மடங்கி முதுகைச் சமமாக வைப்பது என்றதும் உங்களுக்கு ருகூஉ நினைவுக்கு வந்திருக்கும். நமக்கும் வந்தது. முதுகு நேராக அமையும்படி ருகூஉ செய்யப் பழகியவருக்கு ஸ்விங் கற்பிப்பது எளிது என்பதை எங்கள் மதரஸாவில் கண்டிருக்கிறோம். அதற்காகத் தொழுகையை ஒருவகை உடற்பயிற்சி என்று விளக்கிப் பெருமைப்படுவோரின் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதீர்கள். தொழுகை இபாதத், உடற்பயிற்சி உடற்பயிற்சி. ஒன்றுக்கு மற்றொன்றின் சான்றிதழ் தேவையில்லை.

கெட்டில்பெல்லை நாம் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், அதற்குக் கூடம் தேவையில்லை என்பதே. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். கண்ணாடிச் சுவர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். ஒருமுறை வாங்கினால் பேரப்பிள்ளைகள் காலம் வரை கெடாது. 2020 பொதுமுடக்கத்தில் ஜிம்கள் அடைபட்டபோது அமெரிக்கக் கடைகளில் கெட்டில்பெல் கிடைக்காமல் போனதும் இதனால்தான்.

நம் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கென்று தனி ஜிம் உள்ள ஊர்கள் எத்தனை? இருந்தாலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, மாமியாரைக் கவனித்து, போய்வர நேரம் ஏது? ‘காணொளி பார்த்துச் செய்யட்டும்’ என்கிறார்கள். அந்தக் காணொளிகளின் உடையும் இசையும் எப்படியிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தவிர, முதுகு வளைகிறதா என்பதைக் காணொளி பார்த்துச் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணால்தான் சொல்ல முடியும். உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று பயான் செய்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்பதையும் சுவைபடச் சொல்கிறோம். சொல்லிவிட்டு, அந்த ஹக்கை நிறைவேற்றும் வழியை மட்டும் நம் பெண்களுக்கு அடைத்து வைத்திருக்கிறோம்.

‘இரும்பு தூக்குவதெல்லாம் நம் மரபா?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். ஈரானில் ‘ஸூர்கானே’ என்னும் பயிற்சிக் கூடங்கள் இன்றும் இருக்கின்றன. தாழ்ந்த வாசல், எண்கோணப் பள்ளம், மேடையில் முரசு கொட்டும் முர்ஷித். மரக்கட்டைகளைத் தோளைச் சுற்றி வீசியபடி பயிற்சி செய்வார்கள். 2010-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. அந்தக் கட்டைகளின் உறவுக்காரர்தாம் நம் ஊர்ப் பயில்வான்கள் சுழற்றிய கர்லாக்கட்டை. பணிவோடு உடலை வளர்ப்பது முஸ்லிம் நாடுகளுக்கு அந்நியமன்று. அந்த மரபில் பெண்களுக்கு இடமில்லாமல் போனதுதான் குறை. அதை நாம் தொடரவேண்டியதில்லை.

ஆகவே முஹல்லா ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். கல்யாணத்திற்கும் கந்தூரிக்கும் இரவல் கொடுக்கப் பள்ளிவாசல் அறையில் தேக்சாக்கள் வைத்திருக்கிறோம். அந்தப் பிரியாணியால் வந்த நோய்க்கு ஒரு கைம்மாறாகவேனும் (கோபிக்கவேண்டாம், நாமும் உண்டவர்களே) அதே அறையில் சில கெட்டில்பெல்களும் இருக்கட்டும். இரண்டு மாத இரவல். பழகியவர்கள் சொந்தமாக வாங்கிக்கொள்வார்கள், பழகாதவர்கள் திருப்பித் தருவார்கள். நிஸ்வான் மதரஸாவின் ஆலிமாக்களில் இருவரை முறையாகக் கற்கச் செய்தால், ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் கற்பிப்பார்கள். கற்பவர் யாராயினும் முதல் ஒரு வாரம் குண்டே வேண்டாம்; சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, பின்புறத்தால் சுவரைத் தொட்டு நிமிரும் பழக்கம் வரட்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், வட்டு விலகல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். குண்டு எழும்போது மூச்சை வெளியே விடவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதை அறிந்து, கைக்கெட்டும் இடத்தில் இனிப்பு வைத்துக்கொள்ளவேண்டும். ரமளானில் நோன்பு திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை வாங்குவது என்று கேட்கும் முத்தவல்லிகளுக்கு எங்கள் கணக்கு: 8 கிலோவில் ஆறு, 12 கிலோவில் நான்கு, 16 கிலோவில் இரண்டு. 24 கிலோ ஒன்றுகூட வேண்டாம். வாங்கினால், படமெடுத்துக்கொள்ள வாலிபர்கள் முதல் நாளே அதை எடுத்துப்போய்விடுவார்கள். தேக்சா மூடியைப் போல் அதுவும் திரும்பி வராது.