கூட்டின் கதவை யார் அடைப்பது?

வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்க்க உங்களுக்கு ஆசையா? ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் மூன்று நான்கு கோழிகள் இருக்கின்றன. காலையில் கூட்டைத் திறந்தால் அவை ஓடி வரும் அழகே தனி! மண்ணைக் கிளறும். புழுவைக் கொத்தும். வெயிலில் புழுதியில் புரளும். "நாள் முழுக்க அடைச்சு வைக்காதீங்க, பாவம்!" என்று நீங்கள் சொன்னால், நானும் உங்கள் பக்கம்தான். கோழி உலாவ வேண்டும். ஆனால், மாலையில் கூட்டை அடைக்க ஓர் ஆள் வேண்டும். தினமும் வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாத வீட்டில் கோழி வாங்கவே வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நரிதான் காரணம். "நரி காட்டில்தானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். இல்லை. மெல்பர்ன், சிட்னி போன்ற பெரிய நகரங்களிலும் நரிகள் இருக்கின்றன. ஓடைக்கரையிலும் ரயில் பாதை ஓரத்துப் புதரிலும் பகலில் படுத்திருக்கும். இருட்டியதும் வேலிக்கு வேலி தாவி வரும்.

நம் கதைகளில் வரும் நரி தந்திரம் செய்யும், ஏமாற்றும். (ஊரில் நரி என்று பெரும்பாலும் சொல்வது வேறு இனம். இங்கே இருப்பது செந்நரி.) அதனால் கோழி செத்தால் உடனே, "கெட்ட நரி!" என்று திட்டத் தோன்றும். கூட்டுக்குள் நரி புகுந்தால் எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடும், ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். பார்த்தால் மனம் பதறும். ஆனால் அது கொடுமைக்காகச் செய்வதில்லை. வெளியில் நரி ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். கூட்டுக்குள் பறக்க வழியில்லை. கண்ணெதிரே கோழி படபடவென்று அடித்துக்கொள்ளும்போது நரியும் பிடித்துக்கொண்டே இருக்கும். நேரம் கிடைத்தால் மிச்சத்தையும் எடுத்துப்போய்ப் பின்னால் தின்ன மண்ணில் புதைத்து வைக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நரி தானாக இந்த நாட்டுக்கு வரவில்லை. 1800களின் நடுவில், குதிரையேறி வேட்டையாடும் விளையாட்டுக்காக, இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் அதைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி, இந்த நாட்டுக்கே உரிய சின்னச் சின்ன விலங்குகளையும் பறவைகளையும் தின்கிறது. அதனால் நரிகளைக் குறைக்க அரசு வேலை செய்கிறது. அது தேவையான வேலை, பெரியவர்களின் வேலை. ஆனால் ஒரு நரியைப் பிடித்துவிட்டால் உங்கள் கோழி தப்பிவிடாது. காலியான இடத்துக்கு வேறொரு நரி வந்துவிடும். உங்கள் கையில் இருப்பது கூடும் கதவும்தான்.

கூடு எப்படி இருக்க வேண்டும்? கடையில் "கோழி வலை" என்று மெல்லிய கம்பி வலை விற்பார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். நரி உள்ளே வராமல் இருக்கப் போதாது, கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கெட்டியான கம்பி வலை வேண்டும். மேலேயும் மூட வேண்டும், ஏனென்றால் நரி ஏறும். அது தோண்டவும் செய்யும். அதனால் கூட்டைச் சுற்றி வெளிப்பக்கம் அரை மீட்டர் அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்து ஆணி அடிக்கச் சொல்லுங்கள். நரி சுவரோரம்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தடுக்கும். இதற்குச் செலவாகும். அழகான மரக்கூட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

பிரிஸ்பன் பக்கம் இருப்பவர்களுக்கு மலைப்பாம்பும் வரும். இரவில் தீனியைக் கூட்டில் விட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அந்தப் பாம்பு இந்த நாட்டுப் பிராணி, சட்டம் அதைக் காக்கிறது. அடிக்கக் கூடாது. பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட வேண்டும். தீனியை மாலையில் எடுத்து மூடி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

இனி மாலை வேலை. பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே கூட்டுக்குத் திரும்பும். இருட்டில் அவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது. உங்கள் பாட்டி கிராமத்தில் வளர்ந்தவரா? கேட்டுப் பாருங்கள். "கோழிய அடைச்சாச்சா?" என்று அவர் வீட்டில் தினமும் ஒரு குரல் கேட்டிருக்கும். அங்கே நரியோடு கீரி, மரநாய், காட்டுப்பூனை என்று பெரிய பட்டாளமே உண்டு. குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டு மூடி வைப்பார்கள். பஞ்சாரம் என்றால் மூங்கிலில் பின்னிய பெரிய கூடை, கவிழ்த்து வைப்பது.

மெல்பர்னில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகே சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகவே "ஆறு மணிக்கு அடைப்போம்" என்று ஒரே நேரம் வைத்தால் சரிவராது. நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு இருக்கும் நாளில் யார் அடைப்பார்கள் என்று முதலிலேயே பேசி வையுங்கள். தானாக மூடும் கதவும் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் கதவுக்கு எண்ணத் தெரியாது. ஒரு கோழி வெளியே மரக்கிளையில் உட்கார்ந்திருந்தாலும் அது மூடிவிடும். நீங்கள் போய் எண்ண வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் நரிக்குட்டிகள் பிறக்கும். குட்டிகளுக்கு இரை தேடிப் பகலிலும் நரி வரலாம். அந்த மாதங்களில் யாராவது தோட்டத்தில் நிற்கும்போது மட்டும் கோழிகளைத் திறந்துவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறீர்களா? டிக்கெட் வாங்கும்போதே பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். கூட்டை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று இரண்டு நாள் கூடவே நின்று காட்டுங்கள். எத்தனை கோழி என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை முட்டையெல்லாம் அவர்களுக்கு.