ஆராய்ச்சிக்கும் அரசாணைக்கும் நடுவே

"நாங்கள் ஆராய்ச்சி செய்து சொல்வதை அரசாங்கம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை" என்று எந்தக் கருத்தரங்கிலும் ஒரு பேராசிரியர் தவறாமல் சொல்வார். மேடையில் ஓய்வுபெற்ற அதிகாரி யாராவது இருந்தால் "நீங்கள் எழுதுவது எங்களுக்குப் புரிகிற மாதிரி இல்லையே" என்பார். கை தட்டுவோம், டீயும் சமோசாவும் சாப்பிடுவோம், கலைவோம். பொருளாதாரம் படிக்கிற மாணவன் என்கிற முறையில் இந்தக் காட்சியை நாலைந்து தடவை பார்த்தாகிவிட்டது. இரண்டு பேருமே தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறார்கள் என்பது என் கட்சி.

இருவரும் ஆராய்ச்சியை ஒரு கடிதம் மாதிரி நினைக்கிறார்கள். எழுதி முடித்துக் கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. படிக்காதது படிக்காதவர் குற்றம், அல்லது கையெழுத்து சரியில்லாதது எழுதியவர் குற்றம். ஆனால் நம் நாட்டில் உண்மையிலேயே விதியாக மாறிய ஓர் ஆராய்ச்சியை எடுத்துப் பார்த்தால் கதை அப்படி நடந்திருக்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குஜராத்தில் 1996-ல் உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி ஒரு தணிக்கை முறை வந்தது. அதிகம் மாசுபடுத்தக்கூடிய ஆலைகள் வெளியிலிருந்து ஓர் ஆடிட்டரை வைத்துப் புகையையும் கழிவுநீரையும் அளந்து, அறிக்கையை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஓட்டை ஒன்றே ஒன்றுதான். ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பதும் ஆலை, சம்பளம் கொடுப்பதும் ஆலை. மாப்பிள்ளை வீட்டாரே ஜோசியருக்குக் காசு கொடுத்து ஜாதகம் எழுதி வாங்கின மாதிரி.

2009-ல் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய நால்வர் அந்த வாரியத்தோடு சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகள். ஒரு பாதியில் பழைய முறை அப்படியே தொடர்ந்தது. மறுபாதியில் எந்த ஆலைக்கு எந்த ஆடிட்டர் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். சம்பளம் ஒரு பொதுநிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே தொகை. ஆடிட்டர் அளந்துவிட்டுப் போன பிறகு சில இடங்களில் இன்னொரு குழு போய் மறுபடி அளந்து பார்க்கும். இரண்டாம் ஆண்டில், சரியாக அளந்தவருக்குக் கூடுதல் தொகை.

பழைய முறையில் வந்த அறிக்கைகளின்படி புகைத்தூசி வரம்பை மீறிய ஆலைகள் 7 சதவீதம். மறுபடி அளந்து பார்த்தபோது உண்மையில் மீறியவை 59 சதவீதம்! அது மட்டுமில்லை, பொய்யும் ஒரே மாதிரி இருந்தது. பெரும்பாலான அறிக்கைகளில் எண்கள் வரம்புக்குச் சற்றே கீழே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. பரீட்சையில் வகுப்பு முழுக்க 35 மார்க் வாங்கினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வருமா வராதா? புதிய முறையில் வந்த ஆடிட்டர்கள், வரம்பை மீறிய ஆலையை 'சரியாக இருக்கிறது' என்று பொய்யாக எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. அறிக்கை உண்மையானதும் ஆலைகளும், குறிப்பாக ரொம்பவும் மோசமானவை, புகையைக் குறைத்தன. ஆய்வு 2013-ல் ஆய்விதழில் வந்தது. 2015 ஜனவரியில் வாரியம் தன் விதியை மாற்றி, ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்க ஆரம்பித்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சதவீதங்கள் இல்லை. அறிக்கைகள் நம்பும்படி இல்லை என்பது வாரியத்துக்கு ஏற்கெனவே இருந்த தலைவலி. அந்தத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் சோதனையே நடந்தது. சோதித்துப் பார்த்தது ஒரு தத்துவத்தை இல்லை, நாளைக்கே சுற்றறிக்கையாக அனுப்பக்கூடிய ஒரு விதியை. யார் ஒதுக்குவது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், பொய் எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் சோதனைக்குள்ளேயே பதிலாகியிருந்தது. முடிவு வந்தபோது கோப்பு எழுத வேண்டிய அதிகாரிக்கு யோசிக்க அதிகம் பாக்கியில்லை.

அதே குழு அதே வாரியத்தோடு இன்னொன்றும் செய்தது. ஆலைகளை ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கும் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன ஆகும்? நம் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை. பத்திரிகைத் தலையங்கம் முதல் டீக்கடை வரை "செக்கிங்கை அதிகப்படுத்த வேண்டும்" என்பதுதானே தீர்வு! அதிகப்படுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய பிரயோஜனமே இல்லை. ஏனென்றால் எந்த ஆலை படுமோசம் என்பது ஆய்வாளர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்து, அங்கேதான் அவர்கள் அதிகம் போய்க்கொண்டிருந்தார்கள். கூடுதலாகப் போன இடங்களில் பிடிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. இது வேலைக்கு ஆகாது என்று காசு செலவழிப்பதற்கு முன்பே சொல்வதும் ஆராய்ச்சி செய்யக்கூடிய பெரிய உபகாரம்தான். அதற்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

அதே குழுவினர் (அனந்த் சுதர்சனும் சேர்ந்துகொண்டார்) சூரத்தில் நடத்திய மாசுச் சந்தையையும் சொல்ல வேண்டும். மொத்தம் இவ்வளவு தூசிதான் என்று அரசு வரம்பு வைக்கும், ஆலைகள் அதற்கான உரிமங்களைத் தங்களுக்குள் வாங்கி விற்கும். 2010-11-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைப் பேச ஆரம்பித்தபோது பட்டியலில் குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு மூன்றும் இருந்தன. முதலில் ஓட ஆரம்பித்தது சூரத்தில்தான், அதுவும் 2019-ல். சந்தையில் சேர்ந்த ஆலைகளின் தூசி 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. யோசனைக்கும் சந்தைக்கும் நடுவே எட்டு, ஒன்பது வருடம். மூன்று வருட ஃபெலோஷிப்பில் இருக்கும் ஆய்வு மாணவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் துணை சுகாதார நிலையங்களில் நர்ஸ் இருப்பதே அபூர்வமாக இருந்தது. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஏற்கெனவே தன் பள்ளிகளில் ஆசிரியர் வருகையைக் கேமரா வைத்துக் கண்காணித்து, வராமல் இருப்பதைப் பாதியாகக் குறைத்திருந்தது. அதே தைரியத்தில் 2006-ல் மாவட்ட சுகாதார நிர்வாகத்தோடு சேர்ந்து நர்ஸ்களுக்கு நேரம் பதியும் கருவி வைத்தார்கள். வராவிட்டால் சம்பளப் பிடித்தம். முதல் ஆறு மாதம் பிரமாதம், வருகை இரண்டு மடங்கு. பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் கண்காணித்த நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

கருவி உடைந்ததா என்றால், உடைந்தவையும் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. "இன்று விலக்கு" என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரம் சுகாதாரத் துறையிடம் இருந்தது. கூட்டம், வெளிவேலை என்று ஏதாவது காரணம் காட்டி விலக்கு நாட்கள் பெருகிக்கொண்டே போயின. துறையே தன் திட்டத்தைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டது. அந்தக் கட்டுரைக்கு ஆய்வாளர்கள் வைத்த தலைப்பு, பிணத்துக்கு பேண்டேஜ் போடுவது பற்றியது. கோபம் புரிகிறதா!

கென்யாவிலும் இதே கதைதான். ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தை 192 பள்ளிகளில் சோதித்தபோது, தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே திட்டத்தைக் கல்வி அமைச்சகம் நடத்திய பள்ளிகளில் பலன் பூஜ்யம்.

"இது வேலை செய்யுமா?" என்பதற்கு ஆராய்ச்சி பதில் சொல்லும். ஆனால் அரசாங்கத்துக்குள் இருப்பவர் அன்றாடம் சந்திக்கும் கேள்வி வேறு. இதை யார் செய்வார்கள், யாருக்குக் கோபம் வரும், அவர்கள் என்ன செய்து இதை முடக்குவார்கள்? குஜராத் தணிக்கைச் சோதனை இரண்டாவது கேள்வியையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பணத்தின் பாதையையே மாற்றிவிட்டதால் ஆலைக்குப் பிடியே இல்லாமல் போனது. உதய்ப்பூரில் பிடி கடைசிவரை துறையின் கையில் இருந்தது. 2017-ல் டுஃப்லோ ஓர் உரையில் பொருளாதார அறிஞர்கள் குழாய் ரிப்பேர் செய்பவர்கள் மாதிரி இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நம் வகுப்பில் ஐ.எஸ்.-எல்.எம். வரைபடம் போட்டுப் போட்டே நாலு செமஸ்டர் ஓடிவிடுகிறது, குழாயைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். எல்லாவற்றையும் சோதனை போட்டு நிரூபித்த பிறகுதான் செய்ய வேண்டுமா? கூடாது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியது எந்தப் பல்கலைக்கழகமும் நிரூபித்துக் கொடுத்ததால் அல்ல. அப்போது அதை வெறும் கவர்ச்சித் திட்டம் என்று சொன்ன மெத்தப் படித்தவர்கள் நிறைய. 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் சமைத்த மதிய உணவு தரச் சொன்னதும் உணவு உரிமைக்கான வழக்கில்தான். பிள்ளைகளுக்குச் சோறு போடலாமா என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்க முடியாது, அது ஜனங்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் எடுக்க வேண்டிய முடிவு. போடுவது என்று ஆன பிறகு எப்படிப் போட்டால் உடம்பில் ஒட்டும் என்கிற இடத்தில்தான் ஆராய்ச்சிக்கு வேலை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்த மாதிரி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 320 அங்கன்வாடிகளை எடுத்து, ஒரு பகுதியில் பகுதிநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்ததில், கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' பற்றியும் ஆய்வு உண்டு. கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பரிசோதித்ததில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். எழுதியவர்கள் இருந்தது ஸ்டாக்ஹோம், மெக்சிகோ, சான் டியாகோ, நியூயார்க், பெர்க்லி. கார்த்திக் முரளிதரன் என்ற பெயர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தாலும் அவரும் சான் டியாகோவில்தான் இருக்கிறார். அவர்கள் வந்து செய்ததில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். மதுரையிலோ திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அந்தக் கதவு ஏன் திறப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்த சீனியர் அக்கா ஒருவர் கிராமக் குடிநீர்த் தொட்டிகளைப் பற்றி ஆய்வு செய்தார். ஊராட்சிவாரியாக ஒரு பட்டியல் வாங்க ஓர் அலுவலகத்துக்கு ஐந்து மாதம் நடந்தார். கடைசியில் கிடைத்தது மங்கலான ஜெராக்ஸ் இரண்டு பக்கம். பட்டம் வாங்கிவிட்டார். ஆய்வேடு இப்போது ஷோத்கங்காவில் மற்ற லட்சக்கணக்கான ஆய்வேடுகளோடு பத்திரமாக இருக்கிறது. எந்த ஊரில் தொட்டி கட்டி மோட்டார் வைக்காமல் விட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. அந்த அலுவலகத்துக்கே அது தெரியாது. பணமும் நிபுணத்துவமும் இருக்கும் வெளிநாட்டுக் குழுவுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கப்படும் தகவல், உள்ளூர் மாணவிக்குத் தர மறுக்கப்பட்டால், அந்த மாணவி செய்யக்கூடிய ஆராய்ச்சி கேள்வித்தாள் கொடுத்து நூறு பேரிடம் 'மிகவும் திருப்தி, திருப்தி' என்று டிக் அடிக்க வைப்பதுதான். அதைப் பார்த்து "தரமில்லை" என்பார்கள்.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு. அந்த ஊர்களுக்கு ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் இருவேல்பட்டைத் திரும்ப ஆராய்ந்தவர்களில் ஒருவர் எஸ். குகன். தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்துவிட்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவர். 2008-ல் அதே ஊருக்குப் போன குழுவில் ஜெயரஞ்சன் இருந்தார். 2021-ல் அவர் மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவரானார். கோட்டையிலிருந்து கிராமத்துக்கு ஒருவர், கிராமத்திலிருந்து திட்டக்குழுவுக்கு ஒருவர். நடுவில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை, ஒரே ஊரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். ஏறக்குறைய முப்பது ஊர்கள். கடைசி செமஸ்டரில் எல்லோரும் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும், பாதிப் பேர் சீனியருடையதைத் தூசி தட்டிக் கொடுப்பார்கள் (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்). மாவட்டத்தில் ஏதாவது ஒரு துறை, உண்மையிலேயே தனக்கு விடை தெரியாத ஒரே ஒரு கேள்வியை எழுதி, அதற்கான பட்டியலையும் சேர்த்து எங்கள் துறைத் தலைவருக்கு அனுப்பட்டும். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள் என்பது மாதிரி ஒன்று. முப்பது ஊரில் முப்பத்தெட்டு பேர் ஒரே மாதிரி எண்ணினால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும். செலவு எங்கள் பஸ் டிக்கெட்.

உங்கள் கல்லூரியில் இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் அந்தக் கோப்பு அதற்குப் பிறகு யார் மேஜைக்குப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.